கனடாவைப் படிக்க எந்த ஊருக்குப் போவது? ட்ரென்ட், கார்ல்டன், மெக்கில், ரொறன்ரோ

அக்காவின் மகளுக்கு இது பன்னிரண்டாம் வகுப்பு. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வீடுகளில் பிள்ளை இந்த வகுப்புக்கு வந்தால் கார்த்திகை பிறப்பதற்குள் பேச்சு முடிந்துவிடும்: பொறியியல், தாதியியல், கணக்கியல், கணினி. என் பெறாமகள் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. கனடியக் கற்கைகள் படிக்கப் போகிறேன் என்றாள். அத்தான் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தார். "இஞ்சையே பிறந்து வளர்ந்த பிள்ளை, இந்த நாட்டைப் பற்றி நாலு வருசம் என்னத்தைப் படிக்கப் போகுது?" கோபத்தில் கேட்கவில்லை. விளங்காமல்தான் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு மறுமொழி தேடித்தான் இந்தப் பருவம் முழுக்க நானும் அவளும் நாலு பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டு இடங்களுக்கு நேரிலும் போனோம். அதே மேசையில் இருந்து யோசிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் முடிவு எது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது

1950களிலும் 60களிலும் கனடாவின் பல்கலைக்கழகங்கள் வேகமாகப் பெருகின. புதிய வகுப்பறைகளுக்கு ஆசிரியர்கள் போதாமல் அமெரிக்காவிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் ஆட்களை எடுத்தார்கள். அவர்களோடு அவர்களுடைய பாடநூல்களும் வந்தன. சமூகவியல் வகுப்பில் சிக்காகோவைப் படித்த மாணவனுக்கு வின்னிப்பெக் தெரியாது. கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ரொபின் மத்தியூஸ், ஜேம்ஸ் ஸ்டீல் என்ற இருவர் 1960களின் கடைசியில் இதை ஒரு பொதுப் பிரச்சினையாகவே கிளப்பினார்கள். 1972இல் பல்கலைக்கழகங்களின் சங்கம் இதை ஆராய ஒரு ஆணைக்குழுவை அமைத்தது. தலைவர் தோமஸ் சைமன்ஸ், ட்ரென்ட் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராக இருந்தவர். 1975இல் வெளிவந்த அவருடைய அறிக்கையின் சாரம் எனக்குப் பிடித்தமானது. கனடாவைப் படிக்கவேண்டிய காரணம் நாட்டுப்பற்று அல்ல, தன்னை அறிவது என்றார் அவர். நாட்டைப் புகழ்வதற்கு ஒரு துறை தேவையில்லை. அது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை சரியா என்று பார்க்கத்தான் துறை வேண்டும்.

சரி, அதை வரலாற்றுத் துறையிலோ அரசியல் துறையிலோ படித்தால் போதாதா? உண்மையான முதல் ஒப்பீடு இதுதான். பல்கலைக்கழகத்தைத் தெரிவது அதற்குப் பிறகு.

அத்தானுக்கு நான் சொன்ன உதாரணத்தையே இங்கேயும் சொல்கிறேன். 1986 ஆகஸ்ட் 11. நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஷொட்ஸ் கரைக்கு அப்பால் கஸ் டோல்ற்றன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் மூடுபனியில் இரண்டு உயிர்காப்புப் படகுகளைக் காண்கிறார். அவற்றில் 155 தமிழர்கள். எங்கள் சமூகத்தில் இந்தக் கதை தெரியாதவர்கள் குறைவு. ஆனால் தெரிந்த கதை எவ்வளவு குறைவானது என்பது அதைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று முதலில் சொன்னவர்கள் மேற்கு ஜேர்மனியிலிருந்து அவுரிகே என்ற சரக்குக் கப்பலில் வந்தவர்கள் என்று சில நாட்களில் தெரியவந்தது. உடுப்பும் சாப்பாடும் கொடுத்து வரவேற்ற நாட்டில் கோபக் குரல்களும் எழுந்தன. பத்திரிகைகள் இதை எப்படி எழுதின என்று பார்ப்பது ஊடக ஆய்வு. அவர்களைத் திருப்பி அனுப்ப முடியாமல் போனதற்குப் பின்னால் 1985ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இருந்தது. அகதிக் கோரிக்கையாளர் ஒருவரின் கதையை நேரில் கேளாமல் மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் சொல்லியிருந்தது. அது சட்டம். 1987இல் நாடாளுமன்றத்தில் கடுமையான அகதிச் சட்டமூலங்கள் வந்தன. அது அரசியல். அகதிகளை ஏற்றதற்காக ஐக்கிய நாடுகளின் நான்சன் விருது கனடிய மக்களுக்குக் கிடைத்ததும் அதே 1986இல்தான். அந்தப் பதக்கத்தையும் அந்தக் கோபத்தையும் ஒரே ஆண்டில் எப்படி விளங்கிக்கொள்வது?

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஆட்களைத் தூக்கி எடுத்தவர்கள் யார்? 1949 வரை கனடாவிலேயே சேராத ஒரு தீவின் மீனவர்கள். 1992இல் அரசு கொட் மீன்பிடியைத் தடை செய்தபோது அந்தக் கரைக் கிராமங்களின் நூற்றாண்டுத் தொழில் ஒரே நாளில் நின்றது. காப்பாற்றிய கரையின் மக்களில் பலர் ஊரைவிட்டுப் பிழைப்புத் தேடிப் போகவேண்டி வந்தது. இதை வரலாற்றுத் துறை ஒரு துண்டாகவும், பொருளியல் ஒரு துண்டாகவும் படிப்பிக்கும். எல்லாத் துண்டுகளையும் ஒரே கட்டுரையில் வைத்து எழுத அனுமதிப்பது, எழுது என்று கேட்பதும்கூட, கனடியக் கற்கைகள் மாதிரித் துறையிடைப் படிப்புத்தான்.

என் சொந்த அனுபவமும் இதில் சேர்ந்திருக்கிறது. நான் இங்கே வந்து அரசியல் விஞ்ஞானம் படித்தேன். படித்த இடத்தின் பெயர் வேண்டாம். அரசியலமைப்பு, தேர்தல் முறை, மாகாண அதிகாரம் எல்லாம் படித்தேன். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்த வதிவிடப் பாடசாலைகளைப் பற்றி ஒரு விரிவுரையில்கூட நான் கேட்கவில்லை. கடைசிப் பாடசாலைகள் மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில்தான். 2008 ஜூன் 11ஆம் தேதி பிரதமர் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் அதன் அளவு எனக்குத் தெரிந்தது. பட்டம் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஆனால் துறையிடைப் படிப்பில் உள்ள குறையையும் சொல்லவேண்டும். எல்லாவற்றிலும் கொஞ்சம் தொட்டு, எதிலும் கை பழகாமல் வெளியே வருகிற ஆபத்து இதில் உண்டு. ஆவணம் வாசிக்கும் பயிற்சி வரலாற்றுத் துறையில் கிடைக்கும். எண்களைக் கையாளும் பயிற்சி சமூகவியலிலோ பொருளியலிலோ கிடைக்கும். கனடியக் கற்கைகளை மட்டும் தனியே எடுக்காமல் இறுக்கமான ஒரு துறையோடு சேர்த்து இணைப் பட்டமாக எடுப்பதே நல்லது என்பது என் எண்ணம். பெறாமகளிடமும் அதைத்தான் சொன்னேன். கீழே நான் ஒப்பிடுவதும் அந்த எண்ணத்தோடுதான்.

ட்ரென்ட்: ஆற்றங்கரையில்

நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, அக்கா, அத்தான், பிள்ளை, நான் நாலு பேரும் 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போய் 115 நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பினோம். ஸ்காபரோவிலிருந்து ஒன்றேகால் மணிநேரம், ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பீற்றர்பரோ நகரத்தைத் தாண்டி, ஒட்டனபி ஆற்றின் இரண்டு கரையிலும் வளாகம். நடுவில் ஒரு நடைபாலம். அதில் நின்றால் கீழே தண்ணீர் ஓடும் சத்தம், நாங்கள் பேசுவதே கேட்காத அளவுக்கு. கட்டடங்கள் எல்லாம் சொரசொரப்பான கொங்கிறீற். ரொன் தொம் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தவை.

ஆற்றோரம் நூலகம். பெயர் பாட்டா நூலகம். அத்தான் நின்றுவிட்டார். "உது எங்கட பாட்டாவோ?" செருப்புக்கே பாட்டா என்று பெயர் வைத்த ஊரிலிருந்து வந்தவர் வேறெப்படிக் கேட்பார்? ஆம், அதே பாட்டாதான். தோமஸ் பாட்டா 1939இல் நாசிகளிடமிருந்து தப்பி செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து, ஒன்ராறியோவில் பாட்டாவா என்று ஒரு தொழிற்சாலை ஊரையே உருவாக்கினார். பின்னால் இந்தப் பல்கலைக்கழகம் எழும்ப உதவியவர்களில் ஒருவரானார். பெறாமகள் அங்கேயே கைப்பேசியில் வேறொன்றைத் தேடிக் காட்டினாள். அதே 1939 ஜூனில், 900க்கும் மேற்பட்ட யூத அகதிகளோடு வந்த செயின்ட் லூயிஸ் கப்பலுக்குக் கனடா இடம் கொடுக்கவில்லை. தொழிற்சாலையோடு வந்தவருக்குக் கதவு திறந்தது, வெறுங்கையோடு வந்தவர்களுக்கு மூடியது. ஒரு நூலகத்தின் பெயர்ப் பலகைக்கு முன்னால் நின்று அவள் இதைச் சொன்னபோது, அத்தானின் கேள்விக்குப் பாதி மறுமொழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

ட்ரென்ட் 1964இல் வகுப்புகளைத் தொடங்கியது. 1966இலேயே கனடியக் கற்கைகளுக்கென்று ஓர் ஆய்விதழை ஆரம்பித்தது. 1969இல் பூர்வகுடி மக்களைப் பற்றிய படிப்புக்குத் தனித் துறை வைத்தது. கனடாவில் அப்படியொரு துறை அதுதான் முதல். 1999இல் அதே பாடத்தில் முனைவர் பட்டமும் வந்தது, அதுவும் நாட்டில் முதல். மற்ற இடங்களிலும் இன்று பூர்வகுடிக் கற்கைகள் உண்டு. ஆனால் வதிவிடப் பாடசாலைகளை விசாரித்த, 2015இல் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 94 அறைகூவல்களோடு தன் அறிக்கையை முடித்ததற்குப் பிறகு சேர்த்த பாடத்துக்கும், அதற்கு நாற்பத்தைந்து ஆண்டு முன்னரே தொடங்கிய பாடத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. ட்ரென்டில் மூத்தோரின் வாய்மொழி அறிவு படிப்பின் பகுதி. கனடியக் கற்கைகள் மாணவர் அதே வளாகத்தில் அந்த வகுப்புகளில் உட்காரலாம்.

நிலமும் அங்கே பாடநூலாக இருக்கிறது. வளாகம் நிற்பது மிசிசாகா அனிஷினாபே மக்களின் நிலம், 1818ஆம் ஆண்டின் 20ஆம் உடன்படிக்கைப் பகுதி. கொஞ்சத் தூரத்தில் கேர்வ் லேக் என்ற முதற்குடி ஊர், அதாவது பூர்வகுடிச் சமூகம் ஒன்றின் ஊர். 1923இல் செய்த வில்லியம்ஸ் உடன்படிக்கைகள், இந்த மக்கள் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் தலைமுறைகளாக வைத்திருந்த உரிமையைப் பறித்தன. கேர்வ் லேக் உட்பட ஏழு முதற்குடிகள் பல ஆண்டுகள் வழக்காடி, 2018இல்தான் 110 கோடி டொலருக்கு மேற்பட்ட இழப்பீடும் அரசின் மன்னிப்பும் பெற்றன. தொண்ணூற்றைந்து ஆண்டுகள். இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, அந்த ஆற்றைக் கடந்து வகுப்புக்குப் போய் அங்கே படிப்பது வேறு. வடகிழக்கே ஒரு மணிநேரத்துக்குள் பாறைச் சிற்பங்கள் உள்ள மாகாணப் பூங்கா இருக்கிறது. அனிஷினாபே மொழியில் அந்த இடத்தின் பெயருக்குக் கற்பிக்கும் பாறைகள் என்று பொருள். கோடைப் பருவத்தில் மட்டும் திறப்பார்கள், உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். நாங்கள் போனபோது பூட்டியிருந்தது.

குறைகள் உண்டு. சின்ன ஊர். துறையும் சிறியது, ஆகவே நினைத்த பாடம் நினைத்த ஆண்டில் இருக்கும் என்று சொல்ல முடியாது. தமிழ்க் கடை தேடினால் ஏமாற்றம்தான். கார் இல்லாவிட்டால் ஓஷாவாவிலிருந்து போகும் 88ஆம் இலக்க கோ பேருந்தை நம்பவேண்டும். ஓஷாவாவிலேயே ட்ரென்டின் டர்ஹம் வளாகம் ஒன்றும் இருக்கிறது. வீட்டிலிருந்து கிட்ட என்று பெற்றோர் அதைப் பார்ப்பார்கள். நான் இங்கே சொன்னது ஒன்றும் அங்கே கிடைக்காது. இந்தப் படிப்புக்கு ட்ரென்ட் என்றால் பீற்றர்பரோதான்.

கார்ல்டன்: அரசின் அலுமாரிக்குப் பக்கத்தில்

1957இல் கனடியக் கற்கைகளுக்கென்று கனடாவின் முதல் நிறுவனத்தைத் தொடங்கியது ஒட்டாவாவின் கார்ல்டன். இரட்டை மொழிக் கொள்கைக்கு அடித்தளமிட்ட அரச ஆணைக்குழுவின் இணைத் தலைவர் டேவிட்சன் டண்டன் இந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் இருந்தவர். வளாகத்தின் உயர்ந்த கோபுரத்துக்கு அவர் பெயர்தான். அரசுக்கும் இந்தப் படிப்புக்கும் உள்ள நெருக்கத்தை அந்தப் பெயரே சொல்லும்.

கார்ல்டனின் பெரிய சொத்து வளாகத்துக்கு வெளியே இருக்கிறது. நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம், ஆற்றைக் கடந்தால் கற்றினோவில் டக்ளஸ் கார்டினல் வடிவமைத்த வரலாற்று அருங்காட்சியகம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும். நான் புதிய குடியேறிகளுக்கான சேவை நிலையத்தில் வேலை செய்கிறவள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சிப் பட்டறைக்காக அந்தக் காப்பகத்துக்குப் போனேன். பையைப் பூட்டி வைத்துவிட்டுப் பென்சிலை மட்டும் கொண்டு உள்ளே போகவேண்டும். கனடாவுக்குள் வரும் சீனர்களிடம் ஆளுக்கு இவ்வளவு என்று தலைவரி வாங்கிய பதிவேட்டை மைக்ரோஃபிலிமில் ஓட்டிப் பார்த்தேன். பெயர், வயது, பிறந்த ஊர், உடலில் உள்ள மச்சம் தழும்பு, கட்டிய தொகை. வரிசை வரிசையாக ஒரே கையெழுத்து. 1885இல் 50 டொலர், 1900இல் 100, 1903இல் 500. பிறகு 1923இல் கதவையே மூடினார்கள், 1947 வரை. வாசித்து முடிந்த சட்டம் ஒன்று, ஒரு எழுத்தரின் கையெழுத்தில் ஒரு மனிதரின் இடது கன்னத்துத் தழும்பாக முன்னால் வந்து நின்றது. அந்தக் காப்பகத்துக்குப் பஸ்சில் போய்வரக்கூடிய தூரத்தில் நாலு வருடம் இருக்கும் மாணவருக்கு இது வாரக் கடைசி வேலை.

வேலை வாய்ப்பிலும் கார்ல்டனுக்குத்தான் முன்னிலை கொடுப்பேன். மத்திய அரசின் திணைக்களங்கள் மாணவர்களை எடுக்கும் திட்டங்கள் உண்டு, ஒட்டாவாவில் இருப்பவர்களுக்கு அது நடைமுறையில் எளிது. ஆனால் பிரெஞ்சு இல்லாமல் அந்தப் பணியில் மேலே போவது கடினம். தொடக்க நிலைக்கே பல பதவிகளுக்கு இருமொழி கேட்பார்கள். பதினொன்றாம் வகுப்பில் பிரெஞ்சைக் கைவிட்ட எங்கள் பிள்ளைகள் கார்ல்டனைத் தெரிந்தால் முதலாம் ஆண்டிலேயே அதைத் திரும்பப் பிடிக்கவேண்டும்.

எனக்கு அங்கே உறுத்துவது ஒன்று. அரசுக்குப் பக்கத்தில் இருந்தே படிக்கும்போது, அரசு வைக்கும் கேள்விகளையே தன் கேள்விகளாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிடலாம். அங்கே கற்பிக்கிறவர்கள் அதை அறியாதவர்கள் அல்லர், மத்தியூஸும் ஸ்டீலும் 1969இலேயே சண்டை போட்ட இடம் அது. ஆனாலும் பதினெட்டு வயதுப் பிள்ளை ஆற்றங்கரையில் தொடங்கி, முதுகலைக்கு ஒட்டாவா போவது நல்ல வரிசை என்று நினைக்கிறேன். ட்ரென்டும் கார்ல்டனும் சேர்ந்து கனடியக் கற்கைகளில் ஒரு கூட்டு முனைவர் பட்டமும் வைத்திருக்கின்றன. ஆகவே ஒன்றைத் தெரிந்தால் மற்றதை இழந்தோம் என்பதில்லை.

மெக்கில்: கேள்வியே வேறு

மொன்றியல் மெக்கிலில் கனடாவைப் படிப்பதற்கான நிறுவனம் 1994இல் வந்தது. சார்ள்ஸ் புரொன்ஃப்மனின் அறக்கட்டளை நிதி கொடுத்தது, வரலாற்றாசிரியர் டெஸ்மண்ட் மோர்ட்டன் முதல் இயக்குநர். அடுத்த ஆண்டு, 1995 ஒக்டோபரில், கியூபெக் பிரிந்து போவதா என்று இரண்டாம் முறை வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்றவர்கள் 50.58 சதவீதம். நூல் இழையில் ஒரு நாடு தப்பியது. 1998இல் உச்ச நீதிமன்றம், ஒரு மாகாணம் தானாகப் பிரிந்துபோக முடியாது, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால் மற்றவர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தே ஆகவேண்டும் என்றது. ஈழத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை இதை மற்றவர்களைப்போல வாசிக்க முடியாது. சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தச் சொல் வாக்குப்பெட்டியாலும் நீதிமன்றத்தாலும் நகர்ந்த ஒரு நாட்டை, அது நகர்ந்த மாகாணத்திலேயே இருந்து படிப்பது பெரிய வாய்ப்பு.

மொன்றியலில் வளரும் எங்கள் உறவுப் பிள்ளைகளைப் பாருங்கள். 1977இன் 101ஆம் சட்டம் குடியேறிகளின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பாடசாலைக்கு அனுப்பியது. அதனால் அவர்கள் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் ஓடுகிறார்கள். எங்கள் ஸ்காபரோப் பிள்ளைகள் அங்கே போனால் அவர்களுக்கு முன்னால் வாயடைத்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன். மெக்கிலில் படிப்பிக்கும் மொழி ஆங்கிலம். கட்டுரைகளை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதிக் கொடுக்கும் உரிமை மாணவருக்கு உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தக் கூடியவருக்கே மெக்கில் முழுப் பலன் தரும்.

பணம்தான் தடை. கியூபெக் அரசு 2024 இலையுதிர் பருவத்திலிருந்து வெளிமாகாணக் கனடியர்களுக்கான கட்டணத்தை ஆண்டுக்கு ஏறத்தாழ 9,000 டொலரிலிருந்து 12,000 ஆக உயர்த்தியது. 2025இல் நீதிமன்றம் அந்த உயர்வை நியாயமற்றது என்றது. சேரும் ஆண்டில் என்ன தொகை என்று பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவில் 2019இல் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்துப் பல ஆண்டுகள் உயர்த்தாமல் வைத்திருந்தார்கள். கலைப் பாடங்களுக்கு ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் அது 6,100 டொலர் அளவில் நின்றது. நாலு வருடம், வீட்டு வாடகை, இதோடு பெருக்கினால் அத்தானின் முகத்தில் வரும் கவலை நியாயமானதுதான்.

ரொறன்ரோ: வீட்டிலிருந்து

ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் கனடியக் கற்கைகள் நகர மையத்தின் யுனிவர்சிட்டி கொலிஜில் நடக்கிறது. அங்கே கலைப் பட்டத்துக்கு ஒரு தனிச் சிறப்புப் பாடம், அல்லது இரண்டு மேஜர் (முதன்மைப் பாடம்), அல்லது ஒரு மேஜரும் இரண்டு மைனரும் (துணைப் பாடம்) எடுக்கவேண்டும். நான் மேலே சொன்ன இணைப் பட்ட யோசனையை அந்தப் பல்கலைக்கழகம் விதியாகவே வைத்திருக்கிறது, அது நல்லது. ஆசியக் கனடியர்களைப் பற்றிய பாடங்களும் அங்கே உண்டு. தமிழ்ச் சமூகம் நிதி திரட்டித் தமிழ் இருக்கைக்கு வழிசெய்த ஸ்காபரோ வளாகமும் அதே பல்கலைக்கழகத்தின் பகுதி. நூலகத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

வீட்டில் இருந்து படித்தால்தான் முடியும் என்ற குடும்பத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. தயங்காமல் இதையே தெரியுங்கள். ஆனால் வெளியே போகக் கூடிய பிள்ளைக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். ஸ்காபரோவில் வளர்ந்த பிள்ளை தன் பாடசாலையில், கடையில், பேருந்தில் பார்க்கும் கனடாவை ஏற்கெனவே அறிந்திருக்கிறாள். அவளுக்குத் தெரியாதது அதற்கு அப்பால் உள்ளது. முதல் வருட வகுப்புகளும் பெரியவை. கையைத் தூக்கப் பயந்த பிள்ளை பின்வரிசையிலேயே இருந்துவிடும்.

சேருமுன் கேட்கவேண்டியது

சிறிய துறைகளின் நிலை எங்கும் உறுதியாக இல்லை. வெளிநாடுகளில் கனடியக் கற்கைகளுக்கு மத்திய அரசு கொடுத்துவந்த உதவித் திட்டத்தை 2012இல் நிறுத்தினார்கள். 2021இல் சட்பரியின் லோரன்ஷியன் பல்கலைக்கழகம் கடனில் மூழ்கி 69 பாடநெறிகளை ஒரே நேரத்தில் வெட்டியது. படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நடுவழியில் நின்றார்கள். ஆகவே எந்த இடமானாலும், இந்த ஆண்டு புதிய சேர்க்கை உண்டா, முழுநேர ஆசிரியர்கள் எத்தனை பேர், நாலாம் ஆண்டுக் கருத்தரங்கு வகுப்பு ஒவ்வொரு வருடமும் நடக்கிறதா என்று துறைக்கே மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பெறாமகள் எழுதினாள். ஒரு இடத்திலிருந்து இரண்டு வரியில் மறுமொழி வந்தது. இன்னொரு இடத்திலிருந்து ஒரு பேராசிரியர் அரை மணிநேரம் தொலைபேசியில் பேசினார். அதுவும் ஒரு ஒப்பீடுதான்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வர நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக: வெளிநாட்டு மாணவருக்கான இளங்கலைக் கட்டணம் இங்கே உள்ளவர் கட்டுவதைப்போல் பல மடங்கு. இந்தப் பாடத்துக்கு அவ்வளவு செலவழிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. உங்கள் ஊரில் ஒரு துறையில் பட்டம் எடுத்துவிட்டு முதுகலைக்கு ட்ரென்டையோ கார்ல்டனையோ பாருங்கள். இந்தியாவிலிருந்து வருபவர்கள் 1968இல் தொடங்கிய சாஸ்திரி இந்தோ-கனடிய நிறுவனத்தின் உதவிகளையும் பார்க்கவேண்டும்.

வேலை? அத்தான் மூன்று முறை கேட்டதால் சொல்கிறேன். இந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு கதவைத் தட்டினால் உடனே திறக்காது. ஆசிரியர் பயிற்சி, சட்டம், நூலக விஞ்ஞானம், பொது நிருவாகம் என்று அடுத்த படி ஒன்று வேண்டும். அதே நேரம், என் சேவை நிலையத்தில் புதிதாக ஆட்களை எடுக்கும்போது நான் தேடுவது இந்த நாடு எப்படி இப்படியானது என்று சொல்லத் தெரிந்தவரை. போன மாதம் சிரியாவிலிருந்து வந்த ஒரு தாய், பிள்ளையின் பாடசாலையில் தினமும் காலையில் ஒலிபெருக்கியில் ஏதோ நிலத்தின் பெயரைச் சொல்கிறார்களே, அது என்ன என்று கேட்டார். பாடசாலை எந்தப் பூர்வகுடி மக்களின் நிலத்தில் நிற்கிறது என்று சொல்லும் வாசகம் அது. பக்கத்தில் இருந்த இளம் ஊழியருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரும் பட்டதாரிதான்.

இப்போதைக்கு எங்கள் வீட்டு முடிவு இது. ஒன்ராறியோ விண்ணப்பத்துக்கு ஜனவரி 15 கடைசி நாள். முதலாவது ட்ரென்ட், பூர்வகுடிக் கற்கைகளோடு இணைத்து. இரண்டாவது கார்ல்டன், வரலாற்றோடு. மூன்றாவது ரொறன்ரோ, அக்காவின் நிம்மதிக்காக. மெக்கிலுக்குத் தனியே விண்ணப்பிக்கவேண்டும். அந்தப் படிவம் இன்னும் பாதியில் திறந்தபடி இருக்கிறது. பெறாமகள் வாரத்தில் இரண்டு பின்னேரம் பிரெஞ்சு வகுப்புக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள்.